கால் நகம் பார்த்துக் கூட்டி வந்த மாமனார்

வெட்கப்படுகிற ஆளுக்கு ஊரில் எல்லாருடைய காலும் தெரியும். முகம்தான் தெரியாது. யார் செருப்பு தேய்ந்திருக்கிறது, யார் காலில் பித்தவெடிப்பு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்தக் காலுக்கு மேலே இருக்கிற ஆள் யார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். (நான் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கும் இதுதான் காரணம். ஆறாம் வகுப்புக்குக் கச்சிராயபாளையம் போக வேண்டும். அங்கே வாத்தியார் புதுசு, பையன்கள் புதுசு. அத்தனை புதுக் கால்களைச் சமாளிக்க முடியாது என்று தோன்றிவிட்டது.)

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற வழியில் ஒரு ஊர். பெண் பெயர் செல்வி. அன்று நான் பார்த்தது சிமெண்ட் தரை, மிக்சர் தட்டு, செல்வியின் கொலுசு, எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாவின் கால். வலது கால் பெருவிரல் நகம் கருத்து, மேடு தட்டி, காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். அவரும் பேசுகிற ஆள் இல்லை. தலையை ஆட்டினார். சம்பந்தம் முடிந்தது.

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கல்யாணத்துக்குள் ஒரு கண்ணாவது தெளிய வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சேவைச் சங்கத்தார் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடுவார்கள். வயசானவர்களுக்கு ஆபரேஷன், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். வகுப்பறை பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைப்பார்கள். கல்வராயன் மலை ஜனங்களைக்கூட லாரி வைத்து அழைத்து வருவார்கள். மாமாவைச் செல்வியின் அண்ணன் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. மச்சான் ஆள் திரட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டை பக்கம் கிளம்பிவிட்டான். போகிற போக்கில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மாப்ள, மரத்த வெட்டி ரோட்டுல போடப் போறாங்க. இன்னிக்கி பஸ்ஸு ஓடாது. நீ போயி அப்பாவ வூட்ல சேத்துடு. ஜன்னலோரமா படுத்துக்கினு இருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் "ம்" என்றேன். "அவர் எப்படி இருப்பார்?" என்று பெண் வீட்டு ஆளிடம் கேட்க முடியுமா?

பள்ளிக்கூடத்தில் ஒரே களேபரம். வழி அடைபடுவதற்குள் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரோரம் வரிசையாகப் பெருசுகள். எல்லாருக்கும் வெள்ளை வேட்டி. எல்லார் நெற்றியிலிருந்தும் பச்சைத் துணி கண்ணை மறைத்துத் தொங்குகிறது. ஒரு அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள்.

"யாருப்பா வோணும்?" என்றார் ஒரு சங்கத்துக்காரர்.

"மாமா."

"எந்த மாமா? பேரு சொல்லு."

பேரா? மாமனாராகப் போகிறவரின் பெயரை, அவர் காது கேட்க, நாலு பேர் நடுவில் சொல்வதா? (இன்றுவரை அந்தப் பெயரை நான் வாய் திறந்து சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.) "பொண்ணு வூட்டு மாமா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உள்ள போயி நீயே பாத்துக்க."

பார்த்தேன். எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன். கால் கால் கால் என்று வரிசையாக நடந்து, ஜன்னலோரம் வந்தபோது வலது கால் பெருவிரலில் அந்தப் புளியங்கொட்டை! உயிர் வந்த மாதிரி இருந்தது. "மாமா, போலாமா?" என்றேன்.

"போலாம் சாமி" என்று உடனே எழுந்தார். "அவ எங்க?"

அத்தையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "வூட்ல இருக்காங்க" என்றேன்.

"அதுக்குள்ள வூட்டுக்குப் பூட்டாளா! அவளுக்கு எப்பவுமே நட ஜாஸ்தி" என்றார்.

ஆபரேஷன் ஆன கண் அதிரக் கூடாது. சைக்கிள் கேரியரில் தலையணை கட்டி அவரை உட்கார வைத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. மறியல் செய்த பிள்ளைகள் என்னைக் கண்டதும் கொடிக் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். "டேய், கண்ணு ஆபரேசன் ஆன பெருசுடா, பாத்துத் தூக்கு!" என்று அவரைச் சைக்கிளோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவன், "யாருண்ணே, ஒங்கப்பாவா?" என்று கேட்டான்.

"மாமனாரு" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். சாமை விளைச்சல், கடுக்காய், பன்றி வந்து கிழங்கைத் தோண்டியது. பெண் பார்த்த அன்று வாயே திறக்காத மனிதர் இப்படிப் பேசுகிறாரே, என்னை அவ்வளவு பிடித்துவிட்டதா என்று நெஞ்சு விம்மியது. சமவெளிக்காரர் மலையில் விளைகிற சாமையைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் செல்வி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அத்தை சொம்பில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே வந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இது யாரு?"

"மாமா" என்றேன் தரையைப் பார்த்து.

"எந்த மாமா?"

"நம்ம மாமா."

"அடப்பாவி! இத்தினி வருசம் குடும்பம் நடத்துன ஆள எனக்குத் தெரியாதா? நான் கட்டிக்கினவரு எங்க?"

அந்த நேரம் பார்த்து கேரியரில் இருந்தவர், "வெள்ளச்சி, கஞ்சி வெச்சிட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வெள்ளை மீசை. மாமாவுக்கு மீசை உண்டா என்பதே எனக்குத் தெரியாது. (உண்டு. கறுப்பு.)

விசாரித்தால் அவர் மலைக்காரர். பெயர் சடையன். வெந்நீர் வாங்கப் போன பெண்சாதி வெள்ளச்சி வருவதற்குள், ஜன்னல் காற்றுக்காக நகர்ந்து படுத்திருந்த மனிதரை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். முகாம்காரர்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள் போல என்று அவர் சந்தோஷமாக வந்திருக்கிறார். அடையாளம் வைத்த நகமா? மாடு கட்டிப் பிழைத்து, அது ஒரு தரம் மிதித்த எந்த ஆளுக்குத்தான் அந்த நகம் இல்லை!

அத்தை வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார்: "அப்பன பாத்துக் கூட்டியாரத் தெரியாதவன், நாளைக்குப் பொண்டாட்டிய எப்பிடிக் கூட்டியாருவான்? இந்த சம்பந்தமே வாணாம்!"

என் காதில் அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை. அங்கே மாமா கண்ணைக் கட்டிய மனிதர், பேசவே மாட்டார், துணைக்கு ஆள் இல்லை, தட்டுத் தடுமாறி எழுந்து கண்ணில் இடித்துக்கொண்டால்? சைக்கிளைத் திருப்பினேன். மரங்களின் மேல் சைக்கிளைப் போட்டு ஏறி இறங்கிய வேகத்தைப் பார்த்து, பகலில் தூக்கிவிட்ட பிள்ளைகள், "இன்னாண்ணே, மாமனார எங்க உட்ட?" என்று கத்தினார்கள்.

பள்ளிக்கூடம் காலியாகிக் கிடந்தது. வகுப்பறையில் இரண்டே பேர். சுவரில் சாய்ந்தபடி ஒரு பெரியவர். எதிரே ஒரு மலைக்கார அம்மா அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம் காலி. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா திரும்பினார். "எம்மூட்டுக்காரர கொண்டுக்கினு போனது நீதானா? அவருக்குப் பசி தாங்காதுடா! சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க" என்றேன். (நான் கிளம்பும்போதே செல்வி தட்டு வைத்துவிட்டாள். அது அவள் பழக்கம், ஆள் மாறினாலும் தட்டு மாறாது.)

மாமா வாய் திறந்தார். "வந்துட்டீங்களா மாப்ள? என்ன உட்டுட்டு யாரக் கூட்டிக்கினு போனீங்க?"

அவர் காலைப் பார்த்தேன். புளியங்கொட்டை இருந்தது. இடது காலில். பெண் பார்த்த அன்று எதிரே உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு வலது இடது மாறிவிட்டது.

மறுநாள் மாமாவைக் கேரியரில் வைத்துத் தள்ளினேன். வெள்ளச்சியம்மா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். உண்மையிலேயே நடை ஜாஸ்திதான். வீட்டில் சடையன் கயிற்றுக் கட்டிலில் சுகமாக உட்கார்ந்திருந்தார். மலைக்கு வழி திறக்கிற வரை இரண்டு பெருசுகளும் பச்சைத் துணியோடு அதே கட்டிலில் பக்கம் பக்கமாக இருந்தார்கள். அத்தை மட்டும் என் பக்கமே திரும்பவில்லை.

கட்டுப் பிரித்த அன்று நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மாமா கண்ணைக் கொட்டிக் கொட்டி எல்லாரையும் பார்த்தார். "அந்தப் புள்ளய முன்னால வரச் சொல்லு" என்றார். போனேன். தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நானும் இவுரு மூஞ்சிய இன்னிக்கித்தான் பாக்கறேன். அன்னிக்கி பொக மாதிரி இன்னாவோ எதிர்ல வந்து குந்துச்சி. சரின்னு தலைய ஆட்டிட்டேன். மூஞ்சி தெரியாம பொண்ணு குடுக்க ஒத்துக்கினவன், மூஞ்சி தெரியாம ஆளக் கூட்டியாந்தவர இன்னா சொல்றது?"

சடையன்தான் முதலில் சிரித்தார். அத்தை சிரிப்பை அடக்க உள்ளே ஓடினார். கதவுக்குப் பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது: "ரெண்டு பேரையும் அலுங்காமத்தான கொண்டாந்து சேத்தாரு." அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

கல்யாணத்துக்குச் சடையனும் வெள்ளச்சியம்மாவும் மலைத் தேனோடு வந்தார்கள். தாலியை எடுத்த நேரத்தில், "மூஞ்சியப் பாத்துக் கட்டு சாமி!" என்று சடையன் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் தாலி கட்டினாலும் அந்தக் கூச்சல் உண்டு.

போன வருஷம் என் கண்ணுக்கும் புரை வந்தது. அதே மாதிரி ஒரு முகாம். ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வரிசையாக எங்களை உட்கார வைத்திருந்தார்கள். செல்வி வாசலிலிருந்து நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"எப்பிடிக் கண்டுபுடிச்ச? நகத்தப் பாத்தா?" என்றேன்.

"நகத்தப் பாப்பாங்களா? கண்ணக் கட்டுனதுக்கு அப்புறமும் தலையக் குனிஞ்சிக்கினு இருந்தது நீங்க ஒருத்தர்தான்."