ரசமட்டம் விட்ட தண்ணீர்

ஈஜிபுராவில் கோணாமல் நிற்கும் பொருள் ஒன்றுகூட இல்லை என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் ரசமட்டம். டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி, தர்மபுரிப் பக்கத்துக்காரர். தரை மட்டம் பார்க்கும் அந்தக் குமிழிக் கட்டையை இடுப்பில் செருகாமல் அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டையின் பெயரே ஆளுக்கும் ஆகிவிட்டது.

ஹோட்டலில் மேசைமேல் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோசை சொல்வார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்து ஐஸ் பெட்டியில் கிடந்தபோது, மாலை போட வந்தவர் மாலையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிமேல் கட்டையை வைத்தார். வீட்டில் அழுகை நின்றுபோனது.

"தலைமாட்டுல ஒரு அட்டை செருகுப்பா. பெரியவரு சாய்ஞ்சிருக்காரு."

நான் உறைந்துபோனேன். அதைவிட அதிர்ச்சி, மகன் எழுந்துபோய் அட்டை கொண்டுவந்ததுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் அக்டோபரில் நான்கு நாள் விடாமல் பெய்து பாதி ஊர் மூழ்கியது. தெருவின் மேற்குக் கோடியில் கடைசி வீடு என்னுடையது. என் ஃபிரிட்ஜ் ஹாலில் மிதந்து வாசல்வரை வந்தது. பிறகு அரசாங்கத்தின் வெள்ளச் சீரமைப்பு நிதியில் எங்கள் தெருவுக்குப் புதிய மோரி கட்டினார்கள். சாக்கடையை இங்கே எல்லோரும் மோரி என்றுதான் சொல்வோம். கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய கால்வாய்க்கு அது தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும்.

மேலே பலகைக்கல் மூடுவதற்கு முன் ரசமட்டம் உள்ளே இறங்கிப் பதினோரு இடத்தில் கட்டையை வைத்தார். ஏறும்போது முகம் வெளுத்திருந்தது.

"சார், வாட்டம், அதான் சரிவு, திரும்பிப்போச்சு. தண்ணி கால்வாய்க்குப் போகாது. நேரா உங்க வீட்டுக்குத்தான் வரும்."

என்ஜினியரிடம் ஓடினோம். கன்னடக்காரரான அவர் கட்டையைப் பார்த்துச் சிரித்தார். "ஏன்ரீ மேஸ்திரி, பிளான் பிரகாரம் ஆயிது. வெள்ளிக்கிழமை பெரிய சார் வந்து கையெழுத்துப் போடுறாரு. நீங்க பாத்ரூம் டைல்ஸைப் பாருங்க."

கையெழுத்து விழுந்தால் வேலை முடிந்தது. எங்கள் தெருவுக்கு மறுபடி நிதி கிடைக்காது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரசமட்டம் கதவைத் தட்டினார். "சார், தரையில இருக்கறதையெல்லாம் தூக்கிக் கட்டில்மேல வைங்க."

"எதுக்கு மேஸ்திரி?"

"கட்டை சொன்னா கேக்கலை. தண்ணி சொல்லட்டும்."

பத்து நாற்பதுக்கு அதிகாரி வந்து தெரு நடுவில் நின்றார். பின்னாலேயே ஒரு தண்ணீர் டேங்கர். மறுநாள் மகளின் வளைகாப்புச் சமையலுக்காக ரசமட்டம் வரவழைத்த டேங்கர் அது. யாரும் வாய் திறப்பதற்குள் குழாயை மோரிக்குள் விட்டுத் திறந்துவிட்டார். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு கால்வாய்க்கு முதுகைக் காட்டிவிட்டு என் வீட்டை நோக்கி ஓடியது. அதிகாரி தண்ணீரோடு கூடவே நடந்தார். பத்து நாற்பத்தாறுக்கு என் ஹாலில் கணுக்காலளவு தண்ணீரில் ஷூவோடு நின்றார்.

"என்னங்க இது, காவாயே நம்ம வீடுதானா?" என்று கட்டில்மேல் நின்று அலறினாள் என் மனைவி.

என்ஜினியர் வானத்தைப் பார்த்தார். "மளையே இல்லியே சார், நீரு எப்படி வந்துச்சு?"

அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "முழுசா உடைச்சுக் கட்டுங்க. அப்புறம் கையெழுத்து."

சாயங்காலம் ரசமட்டம் துடைப்பத்தோடு வந்து ஹாலைத் தானே கழுவித் துடைத்தார். மறுநாள் வளைகாப்புக்குத் தெருவில் வீட்டுக்கு இரண்டு குடம் என்று நாங்களே தண்ணீர் கொடுத்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் குடியிருந்தது இரண்டாவது மாடி. எந்த வெள்ளமும் அவரைத் தொட்டிருக்காது.

திருத்திக் கட்டிய மோரியில் இன்றுவரை தண்ணீர் கிழக்கேதான் போகிறது. அவர் ஊருக்கே திரும்பிப்போய்ப் பல வருடமாயிற்று. என் வீட்டுக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்ட மனிதர் அவர் ஒருவர்தான். இப்போது வந்து இன்னொரு டேங்கர் விடுகிறேன் என்றாலும், கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன்.