சிகரெட்டுக்குத் தொண்ணூற்றாறு படி

லிப்ட் ரிப்பேர் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. லிப்ட் ஓடாத இடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மோட்டார் அறையோ உச்சி மாடியில் இருக்கும். படியேறித்தான் ஆகவேண்டும்.

அன்று ஆறு மாடிக் கட்டடம். நாலாவது மாடியிலேயே நம் லிப்ட்காரருக்கு மூச்சு முட்டியது. கருவிப் பையைக் கீழே வைத்துப் படியில் உட்கார்ந்து இருமினார். இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக வந்த ஒரு பெண் அவரைத் தாண்டி ஏறினாள். "தாத்தா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அறிவித்தார். "சிகரெட்டை விட்டுட்டேன்!"

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள்.

"எங்க விட்டீங்க?"

"எங்கன்னா?"

"போன தடவை வண்டி சீட்டுக்கடியில விட்டிருந்தீங்க. அதுக்கு முந்தின தடவை மழைக்கோட்டுக்குள்ள. இருபது வருஷமா நீங்க ஒழுங்கா விட்டது புகை மட்டும்தாங்க."

"இந்தத் தடவை நிஜம். ஒருத்தி என்னைத் தாத்தான்னுட்டா."

மனைவி சிரிக்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எங்க டாக்டர் சொல்வாரு. பழக்கத்தை வெறுமனே விட்டா பல்லைப் பிடுங்கின மாதிரி. நாக்கு அந்த ஓட்டைக்கேதான் போகும். அங்க வேற பல்லு கட்டணும். நீங்க என்ன கட்டப்போறீங்க?"

லிப்ட்காரர் மோவாயைத் தடவினார். மூளையில் மணியடித்தது.

"செடி வளர்க்கறேன். மொட்டை மாடியில. ஆசை வரும்போதெல்லாம் மேல போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

மொட்டை மாடியில் காற்று உண்டு. மறைவுக்குத் தண்ணீர்த் தொட்டி உண்டு. முக்கியமாக, அங்கே மனைவி இல்லை.

"அட, நல்லா இருக்கே!" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. லிப்ட்ல போகக்கூடாது. உடம்பு அசைஞ்சாத்தான் மாத்துப் பழக்கம்."

தரைத்தளத்தில் அவர்கள் வீடு. மேலே ஐந்து மாடி. மொத்தம் தொண்ணூற்றாறு படி. ஒரு நிம்மதியான சிகரெட்டுக்கு அது அதிகமில்லை என்று தோன்றியது. சம்மதித்தார். சேர்த்துவைத்திருந்த லீவில் பதினைந்து நாள் எடுத்தார். மொட்டுவிட்ட இரண்டு தக்காளிச் செடிகளை வாங்கினார். ஒரு காலிப் பூந்தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்து, அதன் அடியில் சிகரெட் பாக்கெட்டை வைத்தார்.

முதல் நாள் ஒன்பது தடவை ஏறினார். செடிகள் ஏறக்குறைய மூழ்கிவிட்டன.

இரண்டாம் நாள் காலை, கிளம்பும்போது மனைவி கதவருகில் நின்றாள்.

"என்னங்க, மாடிக் குழாயில தண்ணி வரலையாம்."

"அப்படியா? நான் வேணா பாக்கறேன்."

"நீங்க லிப்ட் பாக்கறவரு, குழாய் பாக்கறவரா? ஆள் வரட்டும். போறதே போறீங்க, இந்த வாளியில கொண்டுபோங்க."

மறுக்க முடியுமா? தண்ணீர் ஊற்றத்தானே போகிறார்! வாளியைத் தூக்கினார்.

மூன்றாம் நாள், "போறதே போறீங்க, இந்த ஈரத்துணியையும் காயப்போட்டுடுங்க." நாலாம் நாள், "பாவம், ரெண்டே செடி. இன்னும் ஏழு சொல்லியிருக்கேன். மண்ணு மூட்டை வாசல்ல இருக்கு."

இதற்குள் கட்டடமே கலங்கியது. மூன்றாம் மாடித் தையல்காரம்மா அவரைப் படியில் மடக்கினாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. லிப்ட் அறுந்து விழப்போகுதா?"

"சேச்சே! நல்லா இருக்கும்மா."

"அப்புறம் லிப்ட் மெக்கானிக்கே ஏன் வாளியோட படியேறுறாரு?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். மூச்சுதான் வந்தது. மறுநாள் முதல் கட்டடத்தில் ஒருவரும் லிப்டில் ஏறவில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து கணக்கு மாறியது. வாளியோடு உச்சிக்குப் போனால் புகையை இழுக்க நெஞ்சில் மூச்சே மிச்சமில்லை. முதலில் உட்கார வேண்டியிருந்தது. சும்மா உட்காருவானேன் என்று தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது ஓர் இலையின் அடியில் புழு. அதை எடுத்தார். பக்கத்து இலையில் இன்னொன்று. ஒரு மொட்டு மஞ்சளாகப் பிரிந்திருந்தது; அதற்கு முட்டுக்கொடுக்கக் குச்சி தேடினார். அதற்குள் கீழேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். இறங்கினார். சாப்பாடு ருசித்தது. இருபது வருஷமாக மனைவி சமைத்தது என்ன ருசி என்று அன்றுதான் தெரிந்தது.

பதிமூன்றாம் நாள் காலையில், கவிழ்த்துவைத்த பூந்தொட்டி புதுச் செடிக்குத் தேவைப்பட்டது. நிமிர்த்தினார். அடியில் பாக்கெட். திகைத்து நின்றுவிட்டார். கடைசியாக அதை எடுத்தது எப்போது? யோசித்தார். ஐந்து நாள்! இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இப்போது தொண்ணூற்றாறு படியையும் நிற்காமல் ஏறி வந்திருக்கிறார்.

சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே குற்ற உணர்வு குத்தியது. நம்பி வாளி கொடுத்தவளை ஏமாற்றிவிட்டோமே! பாக்கெட்டோடு இறங்கி, மனைவி முன்னால் வைத்தார்.

"உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மேல போய்க் குடிச்சேன். ஆனா இப்ப நிஜமாவே விட்டுட்டேன்."

அவள் பாக்கெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஏழு இருக்கும். அஞ்சு நாளா ஏழுதான் இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"செடிக்குத் தண்ணி ஊத்த யாராவது தீப்பெட்டி எடுத்துட்டுப் போவாங்களா?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு இருபது வருஷம் பாத்தாச்சு. உங்க வாயை மூட முடியல. அதான் மாடிக் குழாயை மூடினேன்."

லிப்ட்காரர் தோளைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை வாளி! சண்டைக்கு வாயெடுத்தார். அதற்குள் அவள் வேறு குரலில் பேசினாள்.

"காலையில நீங்க பாத்ரூம்ல இருமும்போது நான் கதவுக்கு வெளிய நிப்பேன். இருமல் நிக்கற வரைக்கும் எனக்குக் கைகால் ஓடாது. நாலு நாளா அங்க நிக்கற வேலை இல்லைங்க."

அவர் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார். அவள் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் ஆண்பிள்ளை மனம். தோற்றது தோற்றதாகவே இருக்கலாமா? அவள் இன்னொரு கையில் இருந்த டம்ளர் கண்ணில் பட்டது.

"சரி. இப்ப உன் முறை. ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கற. அதையும் மாத்தணும்."

"நியாயம்தான்," என்றாள் உடனே. லிப்ட்காரருக்கே ஆச்சரியம். "இத்தனை நாளா நானே போட்டு நானே குடிச்சேன், அதான் பழக்கமாயிடுச்சு. இனிமே நீங்க போடுங்க. உங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் கேக்க எனக்கே கூச்சமா இருக்கும். தானா குறைஞ்சிடும்."

இதில் குறை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வெற்றிப் புன்னகையோடு பாலை அடுப்பில் வைத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் லிப்ட்காரர் ஒன்பது டீ போட்டிருந்தார். கூச்சம்தான் வருகிற வழியாகத் தெரியவில்லை.