விம்கோ நகரில் ஓர் ஈயச் சுரங்கம்

விம்கோ நகரில் ஒரு தெருக்கோடியில் இரண்டு பட்டறைகள் இருந்தன. ஒன்றில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கினார்கள். மற்றதில் இரும்பு வாளிக்குத் துத்தநாகம் பூசினார்கள். இரண்டையும் பூட்டிக்கொண்டு போனவர்கள், கழிவை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு ரமாபாயின் முருங்கை மரம் பட்டுப்போனது. மகள் மகிமாவுக்கு ஓயாத வயிற்றுவலி. ரமாபாய் ஒரு கேரிபேக்கில் மண்ணை அள்ளிக்கொண்டு மண் நல அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி செங்குட்டுவன் மண்ணைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்ததும் ஃபேனுக்கடியிலேயே அவருக்கு வியர்த்தது. ஏராளமான ஈயம், ஏராளமான துத்தநாகம். மாசு என்று எழுதினால், பட்டறைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்பார்கள். முன்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்தபோது கொடுத்தவர் அவரே. ஆகவே, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், இயற்கை கொடுத்தது என்று எழுதினார்.

சில நாளில், அந்த அறிக்கையை நம்பி, ஜெரி என்ற நிலவியல் நிபுணர் சுத்தியலோடு ரமாபாய் வாசலில் வந்து இறங்கினார்.

"அம்மா, நூற்றெண்பது கோடி வருஷம் முன்னாடி இங்க கடல். அடியில கொதிக்கிற ஊற்று. அது கக்குன தாதுதான் இது."

"இன்னா சார் சொல்ற? இதுல பேட்டரி மூடி கீது பாரு."

ஜெரி மூடியைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "புதைபடிவம். அந்தக் காலத்து உயிரினம்."

"மேல பிளஸ் குறி போட்டுகீது சார்."

"ஆண்," என்றார் ஜெரி.

தெருமுனையில் 'ஈய, துத்தநாகச் சுரங்கப் பகுதி' என்று பலகை நட்டார்கள். தெருவே நிமிர்ந்து நடந்தது. ரஷீது தன் நாஷ்டா கடைக்குச் 'சுரங்கம் டிபன் சென்டர்' என்று பெயர் மாற்றினான். கல்லூரிப் பிள்ளைகள் கழிவு மண்ணைச் சின்னக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வாசல் மண்ணை வாரிக் கொட்டப்போன ரமாபாய்க்கு மட்டும், கனிமத் திருட்டு என்று நோட்டீஸ் வந்தது.

அவள் மகிமாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். அதிலும் ஈயம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் செங்குட்டுவன் மேஜைக்குப் போனாள்.

"மண்ணுல கீறது எம்பொண்ணு ஒடம்புல எப்படி சார் வந்துச்சு?"

செங்குட்டுவன் எழுந்தே நின்றுவிட்டார். "சுரங்க வேலை மண்ணின் மைந்தர்களுக்கு மட்டும்தான்னு மேலிடத்து உத்தரவு. யாரு மைந்தர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். வழி காட்டிட்டீங்க!"

அடுத்த வாரமே தெருவில் ரத்தப் பரிசோதனை முகாம். ஈயம் அதிகம் உள்ளவருக்கு முன்னுரிமை. பக்கத்து ஏரியா டோல்கேட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்றார்கள்.

"பேஜாரா போச்சுக்கா," என்றான் ரஷீது. "எனக்கு ரொம்பக் கம்மியாம். உங்க வூட்டு போர் தண்ணி ரெண்டு குடம் குடேன்."

"எதுக்குடா?"

"குடிக்கத்தான்."

ரமாபாய், மகிமாவின் கையைப் பிடித்தபடி, வரிசையைப் பார்த்தாள். நடுவில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அவள் புருஷன் பீம்ராவ்.

"யோவ், நீ இன்னாய்யா இங்க?"

"கத்தாதம்மே. ஹார்பர்ல எத்தினி நாளு மூட்டை தூக்குறது? பாப்பாவையும் நிறுத்து. தெருவுலயே அதுக்குத்தான் ஜாஸ்தி. பெரிசானா பெர்மனென்ட் வேலை."

ரமாபாய் மகிமாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்க நடந்தாள்.

"போட்டிக்கு ஒரு ஆள் கொறைஞ்சுது," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வரிசை மகிழ்ச்சியோடு ஓரடி முன்னால் நகர்ந்தது.