சரிக்கும் வேண்டாமுக்கும் நடுவே

"மறுபடியும் நடுவுலயே நிக்குதுங்க," என்றாள் மனைவி, மவுஸை ஆட்டிக்கொண்டே.

பஸ் ஓட்டக் கிளம்ப வேண்டியவளைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்கார வைத்து, சோதனை நடத்திக்கொண்டிருந்தார் கணினித் திரை வடிவமைப்பாளரான நம்மவர்.

வேலை ஒரு கல்யாண இணையதளத்துக்கு. அதில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன்கள் ஒட்டிப் பிறந்தவை போல் இருந்தன. கை வழுக்கி மாற்றி அமுக்கிவிட்டோம் என்று ஒரே புகார். பட்டன்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்கு நம்மவரின் மூளை எதற்கு? ஆகவே இரண்டுக்கும் காந்த சக்தி கொடுத்தார். மவுஸின் அம்புக்குறி கிட்டே வந்தால் பட்டனே அதை மெல்ல இழுத்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே வலுவில் இழுத்ததில், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிய நம்மவரைப் போலவே அம்புக்குறி நின்ற இடத்தில் நடுங்கியது.

"நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு போடறேன். ஏதாவது ஒரு பக்கம் சரிஞ்சுதானே ஆகணும்?"

சரிந்தது. சரிந்த வேகத்தில் பட்டனைத் தாண்டித் திரையின் மூலையில் போய் விழுந்தது.

"பிரேக்கே பிடிக்கலையே! இதுல ஆளை ஏத்தினா என் லைசென்ஸ் போயிடும்."

"உராய்வைக் கூட்டிடறேன்."

இப்போது அம்புக்குறி கோந்தில் கால் வைத்த ஈ ஆனது. மனைவி மவுஸை மேசை விளிம்பு வரை இழுத்ததில், தண்ணீர் ஜாடி கவிழ்ந்து நம்மவரின் மடி நனைந்தது.

"சேத்துல சிக்குன வண்டியை எடுக்கிற மாதிரி இருக்குங்க. தோளே வலிக்குது."

"நிஜமாவா? மவுஸ்ல ஒரு கனமும் இல்ல. கண்ணுதான் கையை ஏமாத்துது!" ஈரத்தோடு பூரித்தார் நம்மவர்.

அந்த நேரம் பார்த்து இணையதள முதலாளி அழைத்தார். "தம்பி, அனுப்புங்க. என் கம்ப்யூட்டர்லயே பாத்துடறேன்."

சேற்றிலிருந்து அம்புக்குறியை மீட்க, அவசர அவசரமாகக் காந்தத்தை ஏகத்துக்கும் கூட்டி அனுப்பினார். கூட்டியது 'சரி'க்கு மட்டும். 'வேண்டாம்' மறந்துபோனது.

"அடடா, வெண்ணெய் மாதிரி போகுதே!" என்ற முதலாளியின் குரல் சட்டென்று மாறியது. "தம்பி, நான் 'வேண்டாம்' பக்கம் போறேன், இது 'சரி'க்கு இழுக்குது. ஐயையோ, இந்தப் பொண்ணுக்குச் சரி சொல்லிட்டேன்! அடுத்த பொண்ணுக்கும்! தம்பி, என் வீட்டுக்காரி பக்கத்துலதான் நிக்கிறா!"

ஏதோ உடையும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்: "யாருய்யா நீ?"

"யாரும் இல்லம்மா," என்று வைத்துவிட்டார் நம்மவர்.

கொஞ்ச நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது: 'இனிமேல் நீங்கள் வேண்டாம்.' அந்த 'வேண்டாம்' மட்டும் எங்கும் வழுக்காமல் நேராக வந்து சேர்ந்தது.

நம்மவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லது நெனச்சுத்தானே செஞ்சேன்? ஒரு தடவை கை வழுக்கினதுக்காக யாரும் வாழ்நாள் பூரா மாட்டிக்கிட்டு முழிக்கக் கூடாதுன்னுதானே..."

சீருடையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"விடுங்க. அப்படி மாட்டிக்கிட்டவங்களும் நல்லாத்தான் இருக்கோம். இதே இணையதளத்துல உங்க படம் வந்தப்ப, நான் அமுக்கப் போனது 'வேண்டாம்'!"