எண்பத்து நான்கில் ஒன்று

அந்தச் சக்கரத்துக்கு எண்பத்து நான்கு பற்களா, தொண்ணூற்று ஆறா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதைச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒன்றிரண்டு பல் கூட்டிவிடுவார், தொழில் பழக்கம். எண்பத்து நான்கு என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று மட்டும் கட்டிய பல் என்றுதான் அன்று காலை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

காலை பத்து மணி இருக்கும். கடிகாரக்காரர் வேலை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள்.

“இந்தக் கடுதாசிக்கு ரெண்டாம் பக்கம்னு ஒண்ணு இருக்கு. பாத்தீங்களா?”

“முதல் பக்கத்துலயே எல்லாம் வந்துடுச்சே. இன்னிக்கு நாலு மணிக்கு அதிகாரி அம்மா வராங்க. சக்கரத்தைப் பாக்குறாங்க. வேலை பிடிச்சிருந்தா மணிக்கூண்டு நமக்கு.”

“பழைய பொருள்ல புதுசா எதைச் சேர்த்தாலும், சேர்த்தது எதுன்னு தெரியுற மாதிரி ஒரு புள்ளி வெச்சிருக்கணுமாம். புள்ளி இல்லைன்னா வேலையை ஏத்துக்க மாட்டாங்களாம்.”

“ஒரு புள்ளிதானே? ஒரு நிமிஷ வேலை. அதுக்கு எதுக்கு முகத்தை இப்படி வெச்சிருக்கே?”

மணிக்கூண்டுக் கடிகாரம் இருபத்திரண்டு வருடமாக இரண்டு இருபதில் நின்றிருந்தது. அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் கடிகாரக்காரர் தலையைக் குனிந்துகொள்வார், தொட அனுமதியில்லாத நோயாளியின் கட்டிலைத் தாண்டிப் போகிற வைத்தியர் மாதிரி. அதை ஓட வைக்காமல் கண்ணை மூடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். கடைசியில் அதிகாரி மனமிரங்கி, முதலில் இதைச் செய்து காட்டுங்கள் என்று நூலகத்துப் பழைய கடிகாரத்தின் சக்கரம் ஒன்றை அனுப்பியிருந்தார். இருநூறு வருடத்துப் பித்தளை. ஒரு பல் வேரோடு போயிருந்தது.

தெருவில் அவருக்கு ‘நூலிழை’ என்று பெயர். எதைக் கேட்டாலும் நூலிழை கூட, நூலிழை குறைவு என்பார். உடைந்த இடத்தில் பள்ளம் வெட்டி, அதே நிறத்துப் பழைய பித்தளைத் துண்டைச் செருகி, உலோகத்தை ஒட்டும் பொடி வைத்து, ஊதுவிளக்கால் ஊதிப் பற்றவைத்து, மெல்லிய அரத்தால் பல்லின் வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அரம் மற்றப் பற்களைத் தொட்டுவிடக் கூடாதென்று, வேலை முடியும்வரை சக்கரத்தின் மிச்சத்தைத் துணி சுற்றி மூடியே வைத்திருந்தார். முடிந்ததும் துணியை அவிழ்த்துப் பளபளப்பையும் மங்க வைத்து, “இனி இதைப் பெத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது” என்றார்.

இப்போது ஊசியும் சின்னச் சுத்தியலுமாக உட்கார்ந்து கண்ணில் லென்ஸை மாட்டினார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்று.

“என்னங்க, ஒரு நிமிஷம் ஆயிடுச்சு” என்றாள் மனைவி.

“காணோம்.”

“பல்லையா?”

“பல்லெல்லாம் இருக்கு. எண்பத்து நாலும் இருக்கு. என்னுதுதான் எதுன்னு தெரியல.” அவர் லென்ஸைக் கழற்றினார். முகத்தில் கவலை வரவேண்டிய இடத்தில் ஒரு பூரிப்பு வந்திருந்தது. “என் கண்ணுக்கே தெரியலைன்னா, எப்பேர்ப்பட்ட வேலை பாத்துக்க!”

“ஆமாமா. அதை அதிகாரி அம்மாகிட்ட சொல்லுங்க. வேலை அவ்வளவு நல்லா இருக்கு, செஞ்சதாவே தெரியலைன்னு.”

அவர் பல்லுக்குத்தான் பொடி வைப்பார். அவள் பேச்சுக்கே வைப்பாள்.

நினைவை வைத்துத் தேடலாம் என்றார் அவர். ஆரக்காலுக்குப் பக்கத்தில் இருந்த பல் என்பது நினைவில் இருந்தது. ஆரக்கால் நான்கு. பக்கம் இரண்டு. எட்டுப் பல்லில் பென்சிலால் கோடு போட்டார். பக்கத்துப் பல்லா, அதற்கு அடுத்ததா என்ற சந்தேகம் வந்து கோடு பதினாறாகி, மேலும் மேலும் பெருகி, பன்னிரண்டு மணிக்குக் கோடில்லாத பல்லை எண்ணுவது எளிதாகிவிட்டது.

“தம்பியைக் கூப்பிடுறேன்” என்றாள் மனைவி.

“வேண்டாம்!”

“அவனும் பல்லு கட்டுறவன்தானே.”

“அவன் கட்டின பல்லு பத்தடி தூரத்துல தெரியும்.”

இதுதான் அவரோடு உள்ள தொல்லை. பிறத்தியார் வேலையைப் பாராட்டுவது என்ற வழக்கமே அவரிடம் இல்லை. இன்னொரு கடிகாரக்காரர் பழுது பார்த்ததைக் காட்டினால் “ஓடுது” என்பார். இருபத்தாறு வருடமாக மனைவியின் சமையலுக்கு “பரவாயில்ல.” மச்சானுக்கு அதுகூடக் கிடைத்ததில்லை.

மச்சான்தான் அந்தப் பல் டாக்டர். வெள்ளைக் கோட்டோடு வந்தார். சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மாமா, எக்ஸ்ரே எடுத்துடலாம். உள்ள இருக்கிறது தெரிஞ்சுடும்.”

அடுத்த தெருவில்தான் அவருடைய மருத்துவமனை. கன்னம் வீங்கிய ஒருவர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். கடிகாரக்காரர் துணிப் பொட்டலத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார்.

“சார், நான் எட்டு மணிலேருந்து காத்திருக்கேன். உங்களுக்கு எத்தனை பல்லு?”

“எண்பத்து நாலு.”

வீங்கிய கன்னத்துக்காரர் எழுந்து வழிவிட்டார்.

எக்ஸ்ரே வந்தது. கறுப்புப் படத்தின் நடுவில், ஆரக்காலெல்லாம் கலங்கிக் கரைந்து, வெள்ளையாக, அப்பழுக்கில்லாத ஒரு முழு நிலா. பல்லும் இல்லை, பள்ளமும் இல்லை.

“பௌர்ணமி” என்றார் கடிகாரக்காரர். “நல்லா எடுத்திருக்கே. இதுல என் பல்லு எது, மச்சான்?”

“கொஞ்சம் பொறுங்க மாமா. இன்னொரு வழி இருக்கு. சின்னப் பசங்க சரியாப் பல்லு விளக்கினாங்களான்னு பாக்க ஒரு சிவப்பு மருந்து தடவுவோம். இடுக்கு எங்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கும். உங்க பல்லு எவ்வளவு நல்லா பொருந்தியிருந்தாலும் ஒரு இடுக்கு இருக்குமில்ல?”

“இருக்காது.”

“இருக்கும் மாமா.”

“என் வேலையில இருக்காது.”

“இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறீங்களா, இருக்கணும்னு வேண்டிக்கிறீங்களா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க.”

அன்று காலையிலிருந்து கடிகாரக்காரரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். பல் அகப்பட்டால் மணிக்கூண்டு கிடைக்கும், கர்வம் போகும். அகப்படாவிட்டால் கர்வம் இருக்கும், மணிக்கூண்டு போகும். சக்கரத்தை மச்சான் பக்கம் நகர்த்தி, “தடவு” என்றார்.

தடவினார்கள். துடைத்தார்கள். எல்லாப் பல்லின் அடியிலும் சிவப்பு அப்படியே தங்கிவிட்டது. இருநூறு வருடத்துச் சக்கரத்துக்கு அன்றுதான் ஈறு முளைத்த மாதிரி இருந்தது.

“ஐயோ, சிரிக்குதே!” என்றார் மச்சான்.

“நாலு மணிக்கு நம்மளைப் பாத்து ஊரே சிரிக்கும். தேய்!”

பல் தேய்க்கிற பிரஷ்கள் இரண்டு, பல்பொடி ஒரு டப்பா. டாக்டர் ஒரு பக்கமும் கடிகாரக்காரர் ஒரு பக்கமுமாக, எண்பத்து நான்கு பல்லையும் மேலிருந்து கீழாக விளக்கினார்கள். கன்னம் வீங்கியவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, வலி குறைந்துவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

மணி மூன்றரை. சிவப்பு எல்லா இடத்திலும் போய்விட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஒரு பல்லின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.

“மாமா! அகப்பட்டுது!”

கடிகாரக்காரர் வெறுங்கண்ணால் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒன்பது நாள் வேலை. ஒரு டப்பா பல்பொடியில் பல்லைக் காட்டிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, ஊசியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். புள்ளி விழுந்தது. லென்ஸை மாட்டிப் பார்க்க நேரமில்லை, மனசும் இல்லை. வாசலில் வண்டி வந்து நின்றது.

அதிகாரி அம்மா ஒல்லியானவர், வார்த்தையை எடை போட்டுப் பேசுகிறவர். பின்னாலேயே, அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிற வயதான பியூன் துணிப்பையோடு வந்து கதவோரம் நின்றுகொண்டார். அம்மா சக்கரத்தைக் கையில் வாங்கினார். புள்ளியைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து, சக்கரத்தின் பக்கத்தில் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

“அது என்ன படம் மேடம்?” என்றார் மச்சான்.

“உடைஞ்ச பல்லோட எடுத்தது. அனுப்புறதுக்கு முன்னாடி எடுத்துடுவோம்.”

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவர் உத்தரத்தைப் பார்த்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

“பல்லு உடைஞ்சது இங்க” என்று அம்மா ஒரு பல்லைத் தொட்டார். “நீங்க புள்ளி வெச்சிருக்கிறது பதினோரு பல்லு தள்ளி. இது உங்க பல்லு இல்ல.”

அவர் காட்டிய பல்லைக் கடிகாரக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கோடில்லை, நிழலில்லை. இருநூறு வருடம் அங்கேயே இருந்த பல் போல் இருந்தது. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

“அருமையான வேலை” என்றார் அம்மா. “ஆனா பழைய பல்லுல புள்ளி வெச்சுட்டீங்களே. அதை அழிக்கவும் முடியாது. நான் என்னன்னு எழுதறது?”

கடிகாரக்காரர் புள்ளி விழுந்த பல்லின் பக்கம் லென்ஸைத் திருப்பினார். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார். கடையில் இருந்த கடிகாரங்கள் மட்டும் பேசின. அம்மா ஒருமுறை தொண்டையைச் செருமினார். அவர் அசையவில்லை.

“மாமா?”

“இது பழைய பல்லு இல்ல” என்றார் கடைசியில். “இதுவும் கட்டின பல்லுதான்.”

“அதுக்கு எங்ககிட்ட பதிவு இல்லையே” என்றார் அம்மா. “இருபது வருஷத்துக்கு முந்தின கோப்புகளையெல்லாம் கரையான் தின்னுடுச்சு.”

மச்சான் காதருகில் குனிந்தார். “ரெண்டுமே நம்ம வேலைன்னு சொல்லிடுங்க மாமா. புள்ளி சரியாப் போயிடும். மணிக்கூண்டு நமக்கு.”

“சும்மா இரு.” கடிகாரக்காரர் எழுந்து நின்றார். “அம்மா, நான் பொடி வெச்சு ஊதிப் பத்த வெச்சேன். அதுதான் முறை. இந்த ஆள் பொடியே வைக்கல. நெருப்பே காட்டல. பள்ளத்தை மீன்வால் மாதிரி உள்ள அகலமா வெட்டி, துண்டையும் அதே அளவுக்கு ராவி, சும்மா பூட்டி விட்டிருக்கான். எத்தனையோ வருஷம் ஓடியிருக்கு. ஒரு நூலிழை அசையல. இப்படி ஒரு கையை நான் பாத்ததே இல்ல. என்னால இது முடியாது.”

மனைவி கையிலிருந்த தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டாள், இல்லாவிட்டால் விழுந்திருக்கும்.

“என்ன சொல்றீங்க?” என்றார் அம்மா.

“மணிக்கூண்டை இவன்கிட்டதான் குடுக்கணும். உசிரோட இருந்தா தேடிப் பிடிங்க. இவன் இருக்கும்போது நான் அதுல கை வெச்சா அது தப்பு.” அவர் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தை ஒரே மூச்சில் இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது.

பிறகு கதவோரத்திலிருந்து பியூன் மெதுவாக முன்னால் வந்தார்.

“தேட வேண்டாம்மா. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னாடியும் இந்தச் சக்கரத்தை நான்தான் இதே கடைக்குக் கொண்டு வந்தேன். இவரேதான், அப்ப மீசை இருந்துச்சு. ‘ஊதுவிளக்குல எண்ணெய் தீந்துபோச்சு, பொடி வெச்சு ஊத முடியாது, இப்போதைக்குச் சும்மா பூட்டித் தரேன், ரெண்டு மாசம் தாங்கும்’னு சொல்லித்தான் குடுத்தனுப்பினாரு.”

மணிக்கூண்டு கடிகாரக்காரர் கைபட்டு அடுத்த வருடத்திலிருந்து ஓடுகிறது. நூலகத்துச் சக்கரத்தில் இப்போது இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. அதிகாரி அம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பியூன் ஓய்வு பெற்றார். பல் டாக்டர் அந்த முழு நிலாவைச் சட்டம் போட்டு மருத்துவமனையில் மாட்டியிருக்கிறார். மனைவியின் சமையல் இன்றைக்கும் “பரவாயில்ல”தான். கடிகாரக்காரர் அதற்குப் பிறகு யாரையும் பாராட்டவில்லை.