எதிரணிக்கு ஹோர்ன் ஊதிய ஒட்டுக்கடையர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிற கோபம் அத்தனையையும் திரட்டி ஒரே மனிதனுக்குள் காற்றடித்து விட்டால் அவர்தான் ஒட்டுக்கடையர். கொழும்புத்துறையில் பஞ்சரான ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற கடை வைத்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெயில் எறித்தால் வெயிலுக்கு ஏச்சு, மழை பெய்தால் மழைக்கு ஏச்சு. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், ரயரிலிருந்து பிடுங்கிய ஆணியை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"றோட்டு இவ்வளவு அகலமாக் கிடக்கு. உந்த ஆணியைத் தேடிப்போயே ஏத்தினனீர்?"

ஒருமுறை பங்குத்தந்தையும் அகப்பட்டார். ஊருக்கே பாவமன்னிப்புக் கொடுக்கிறவர், அன்று ஒட்டுக்கடையரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

இவர் எங்கள் ஹொக்கி அணியின் பரம ரசிகர். ஒரு லொறி ஹோர்னையும் காற்றுச் சிலிண்டரையும் தள்ளுவண்டியில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுவருவார். நாங்கள் கோல் போட்டால் ஊதுவார். போடாவிட்டால் ஏசுவார். லொறிதான் வருகிறதென்று நடுவர் இரண்டு தடவை கோட்டுக்கு வெளியே பாய்ந்திருக்கிறார்.

போன வருடம், தோற்றால் வெளியேறுகிற விலகல் சுற்றில் அரையிறுதி வரை வந்தோம். மட்ச் கொடிகாமத்தில், கொடிகாமம் அணியோடு. ஒட்டுக்கடையரும் எங்கள் பஸ்ஸிலேயே வந்தார். இறங்கினார், தள்ளுவண்டியையும் சிலிண்டரையும் இறக்கினார், உருட்டிக்கொண்டு நேரே எதிர்ப்பக்கம் போய்க் கொடிகாமம் ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

இடம் தெரியாமல் போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். பத்தாவது நிமிடத்தில் கொடிகாமம் கோல் போட்டது. ஹோர்ன் அலறியது. அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன எங்கள் கப்டன் இரண்டு கையையும் தூக்கித் துள்ளியேவிட்டான்.

எங்கள் பக்கம் கொதித்தது. "துரோகி!" என்று யாரோ கத்தினார்கள். இந்த மண்ணில் லேசாகச் சொல்லக்கூடாத சொல். அன்றைக்குப் பத்துப் பேர் சொன்னார்கள். விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான். இடைவேளைக்கு விசில் ஊதியதும் மைதானத்தைக் குறுக்கே கடந்து போனேன். 

"என்னண்ணை செய்யிறியள்? எங்கடை பஸ்ஸிலை வந்து உவங்களுக்கு ஊதுறியளோ?"

அவர் எழும்பவேயில்லை. கொடிகாமத்துக் கோல் கம்பத்தைக் கையால் காட்டினார். "அங்கை நிக்கிறது ஆர்?"

அமலன். ஆறு வருடம் எங்கள் கோல் காப்பாளனாக இருந்தவன். விடியற்காலையில் நண்டு வலை இழுக்கப் போவதால் மூன்று நாள் காலைப் பயிற்சிக்கு வரவில்லை என்று நிறுத்திவிட்டோம். அந்த இடம் கழகத் தலைவரின் மருமகனுக்குப் போனது. கனடாவிலிருந்து வந்தவன், அணி முழுக்கப் புது ஜேர்சி கொண்டுவந்தவன். அமலனை அவனுடைய மனைவியின் ஊரான கொடிகாமம் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது.

"கைக்குழந்தைக்காரன் காணும் அவன். கடலுக்குப் போகாமல் என்னத்தைத் திண்டு பந்து மறிக்கிறது? ஜேர்சியே பந்து மறிக்கும்? போம் அங்காலை!"

 வந்ததைவிடக் கூடின கோபத்தோடு எங்கள் பக்கம் திரும்பி நடந்தேன்.

இரண்டாவது பாதியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தோம். ஆட்டம் அப்படியே முடிந்து, கோல் காப்பாளனோடு ஒருவருக்கு ஒருவர் மோதுகிற கட்டத்துக்கு வந்தது. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேரின் பந்தை அமலன் மறித்தான். கனடா மருமகன் ஒன்றைக்கூட மறிக்கவில்லை. தோற்றோம். சிலிண்டர் வெறுமையாகும் வரை ஹோர்ன் ஊதியது.

"அந்தாளை இஞ்சையே விட்டிட்டுப் போவம்" என்று பஸ்ஸில் பெடியன்கள் கத்தினார்கள். அதற்குள் அவரே ஏறிவந்து எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஏசத் தொடங்கிவிட்டார்.

"ஏழு பெனால்டி கோர்னர்! ஒண்டையாவது ஒழுங்கா அடிக்கத் தெரியுதோ உங்களுக்கு? வெக்கங்கெட்டதுகள்!"

"அண்ணை, நீங்கள் அவங்களுக்கெல்லோ ஊதினனீங்கள்?"

"ஊதினது அமலனுக்கு. தோத்தது நாங்களெல்லோ!" குரல் உடைந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

சாவகச்சேரி தாண்டியும் ஏச்சு நிற்கவில்லை. கடைசியில் நான் மெல்லச் சொன்னேன்: "அண்ணை, அமலனை நிப்பாட்டின கடிதத்திலை கையெழுத்து என்ரை."

"தெரியும். அதாலைதான் உமக்குப் பக்கத்திலை வந்து இருந்தனான்."

திரும்பி வரச்சொல்லிக் கேட்க அடுத்த நாளே அமலன் வீட்டுக்குப் போனேன். அவன் கோபிக்கவில்லை. "அங்கை பயிற்சி பின்னேரத்திலை அண்ணை. எனக்கு அதுதான் வசதி" என்று சொல்லி, நான்கு நண்டைப் பையில் போட்டுத் தந்தான். திரும்பும் வழியில் ஒட்டுக்கடையரிடம் அதைச் சொன்னேன். பிந்திப் போய்க் கேட்டதற்கு ஏசினார். நண்டை வாங்கி வந்ததற்கும் ஏசினார்.

இப்போதும் அந்த வழியால் போகும்போதெல்லாம் ஏதாவது ஏசுவார். என்றைக்காவது அவர் என்னைப் பார்த்துச் ஏசாமல் சும்மா சிரித்துவிட்டால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.