அறுத்த வயலில் ஒரு டெஸ்டினேஷன் கல்யாணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. எழுத்து ஒரு பக்கம் சாயும், நடந்தது முன்னே பின்னே மறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாலு பேர் எதிரே எனக்கு வாய் திறக்காது. யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். (அடக்கமான பொம்பளை என்று ஊரில் பேர் வாங்கியது இப்படித்தான்.) என் தம்பி மகள் கல்யாணம் அப்படிச் சந்தி சிரித்ததற்கும் அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

தம்பி கலியபெருமாள் சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். அவன் மகள் தாரிணி ஒரு நாள் போனில், "அத்தை, எனக்கு டெஸ்டினேஷன் வெட்டிங்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். இருக்கிற ஊரை விட்டு வேறு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாம். எங்கள் காலத்தில் அதற்கு ஓடிப்போவது என்று பேர். இப்போது பெற்றவர்களும் கூடவே ஓடிவருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடிவருவதற்குத் தஞ்சாவூர்ப் பக்கம் என்று முடிவாயிற்று. ஆனால் எந்த மாதிரி இடம்? அதைத் தேடிக் கார்த்திகை மாதம் ஒரு கார் நிறைய வந்தார்கள். தம்பி, தாரிணி, மாப்பிள்ளையின் அம்மாவான பெங்களூர்ச் சம்பந்தியம்மாள், எல்லா ஏற்பாட்டையும் கவனிக்கும் ஈவென்ட் பெண். உள்ளூர் ஆள் வேண்டுமென்று வலங்கைமான் பக்கத்தில் என் கிராமத்துக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தம்பி காதோடு சொன்னான்: "அக்கா, சம்பந்தியம்மா ஒரு மாதிரி. நீ எதுவும் பேசாம இருந்தா அதுவே பெரிய உதவி." எனக்குச் சொல்ல வேண்டிய புத்தியா இது!

முதலில் கடற்கரை விடுதி. அடித்த காற்றில் சம்பந்தியம்மாளின் முந்தானை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இங்கே ஓமத்தீ எப்படி நிற்கும் என்று தம்பி கேட்டான். "லைட் வெச்சு தீ மாதிரியே காட்டிடலாம் அங்கிள்" என்றாள் ஈவென்ட் பெண். (அக்கினி சாட்சி போய்க் கரண்ட் சாட்சி.) அடுத்தது தஞ்சாவூரில் ஒரு பழைய பங்களா. ஒவ்வொரு தூணையும் இரண்டு பேர் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும். மாப்பிள்ளை எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறார் என்று தேடுவதற்குள் முகூர்த்தம் போய்விடும். பாபநாசம் சாலையில் நல்ல மண்டபம் ஒன்று உண்டு. தண்ணீர் வரும், மின்விசிறி சுற்றும். அதைத் தாண்டும்போது கையைக் காட்டினேன். "அது ரொம்ப சாதாரணம் ஆன்ட்டி" என்று ஈவென்ட் பெண் சொல்லிவிட்டாள்.

கடைசியில் காபி குடிக்க என் வீட்டுக்கு வந்தார்கள். கொல்லைக் கதவைத் திறந்தால் என் வயல். சம்பாப் பயிர் பச்சைப்பசேலென்று ஆடிக்கொண்டிருந்தது. ஈவென்ட் பெண் குவளையை அப்படியே வைத்துவிட்டு, "இங்கதான்! இங்கயேதான்!" என்று குதித்தாள்.

கல்யாணமோ பங்குனியில். அப்போது பயிர் இருக்காது, அறுத்த தாள்தான் நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி முறைத்தான். "அன்னிக்கு வயல் காலியா இருக்குமா ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். காலியாகத்தானே இருக்கும்? தலையாட்டினேன்.

சம்பந்தியம்மாள் சொன்னார்: "எங்க பெரியவளுக்கு அரண்மனையில செஞ்சோம். இவனுக்கு வயக்காடா? சரி, தாரிணி ஆசைப்படறா. ஆனா ஒண்ணு, அன்னிக்கு ஏதாவது அசிங்கமாச்சுன்னா என் புள்ளைய எழுப்பிக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தம்பிக்கு மட்டும் வேர்த்தது.

வழக்கமாக அறுப்புக்கு முன்னாலேயே வயலில் உளுந்து தெளித்துவிடுவேன். மேடை போட வேண்டும், தரை வெறுமையாக இருக்கட்டும் என்று ஈவென்ட் பெண் சொன்னதால் அந்த வருஷம் தெளிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் உளுந்து நின்றால் வேலி போட்ட மாதிரி, ஆட்டை உள்ளே விட மாட்டார்கள். வெறும் தாள் நின்றால் ஆட்டுக்கெல்லாம் பத்திரிகை வைத்த மாதிரி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடைக்காரர்கள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் மேயவிட்டு, இரவில் அந்த வயலிலேயே அடைப்பார்கள். நிலத்துக்கு நல்ல எரு.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்படி ஒரு கிடைக்காரர் வாய்க்கால் கரையில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன ஆத்தா, இந்த வருசம் உளுந்து தெளிக்கலையா? அப்ப அடுத்த வாரம் நம்ம ஆட்ட இங்கனயே இறக்கிரவா?"

எரு வேண்டாமென்று எந்த விவசாயி சொல்வான்? தலையாட்டினேன். 'கல்யாணம் முடிஞ்சு வாங்க' என்பது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மறந்தும் போனேன்.

முகூர்த்தத்தன்று பந்தல் பிரமாதம். பிளாஸ்டிக்கே கூடாதென்று வாழை, கரும்பு, மாவிலை, தென்னங்குருத்து, செவந்தி என்று எல்லாம் பச்சையாகக் கட்டியிருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் புழுதி எழுந்தது. பின்னாலேயே ஆட்டுக்கூட்டம்.

"வாவ் ஆன்ட்டி! நீங்க ஏற்பாடு பண்ணினதா?" என்றாள் ஈவென்ட் பெண்.

தலையாட்டினேன். (பொய் இல்லையே.)

"எவ்ளோ நேச்சுரலா இருக்கு!" என்று பறக்கும் கேமராவை ஆடுகளின் தலைக்கு மேலே விட்டாள். அது போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. பங்குனி வெயிலில் அந்த வெளி முழுக்க இருந்த ஒரே நிழல் எங்கள் பந்தல். அத்தனையும் உள்ளே வந்துவிட்டன. வந்ததும் பயம் தெளிந்து பசி எடுத்துவிட்டது.

வாழை போயிற்று, மாவிலை போயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலி மேல் ஏறினார். நாற்காலிக் கால் வயல் வெடிப்பில் இறங்க, ஆடுகளுக்கு நடுவிலேயே அவரும் இறங்கினார். ஓடிவந்த கிடைக்காரர் என்னிடம், "விசேசம்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா ஆத்தா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதானே எனக்கு வரவில்லை.

தட்டில் இருந்த மாப்பிள்ளை மாலையை ஒரு ஆடு இழுத்தது. இன்னொன்று சம்பந்தியம்மாளின் தலைப்பூவைப் பின்னாலிருந்து பிடுங்கியது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எந்திரிடா" என்றார் மகனிடம்.

மாப்பிள்ளை பாதி எழுந்தார். தாரிணியின் கண் மை கன்னத்தில் இறங்கியது. தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. ஐயர், "முகூர்த்தம் முடியறது, முடியறது" என்று தவித்தார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அடைத்துக்கிடந்த தொண்டை திறந்தது.

"ச்சீ! போய் ஓரமா நில்லு! தாலி கட்டி முடியற வரைக்கும் அசையக் கூடாது!"

ஆட்டைப் பார்த்துத்தான் கத்தினேன், சத்தியமாக. ஆடு காதில் வாங்காமல் தின்றுகொண்டிருந்தது. சம்பந்தியம்மாள்தான் ஓரமாகப் போய் நின்றார். மாப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்து தாலியைக் கட்டிவிட்டார். மிஞ்சிய ஒரே மாலையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்கு நடுவே ஒரு செம்மறி நிற்கும், வாயில் மாலை நார் தொங்கும். புரட்டுகிறவர்கள், "இவர் யாரு, மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்காமல் விடுவதில்லை. "எங்க அக்கா வழி சொந்தம்" என்று தம்பி பதில் சொல்லுவான். எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணத்துக்கு இடம் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

மாலையைத் தின்றது கிடாவா பெட்டையா, கெட்டிமேளம் யாராவது வாசித்தார்களா அல்லது மேளக்காரர்களும் நாற்காலி மேல்தான் நின்றார்களா, எனக்கு நினைவில்லை. தாரிணி, இதைப் படித்தால் ஆல்பத்தைப் பார்த்துத் தப்பைத் திருத்திவிடும்மா. உன் மாமியாரை மட்டும் கேட்காதே. இன்றைக்கும் நான் வீட்டுக்குள் நுழைந்தால் ஓரமாகப் போய் நின்றுகொள்கிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.